கால் கட்டிய மாடி

டிசம்பர் 10, செவ்வாய்

வலி: இருக்கிறது.

வக்கீல் குமாஸ்தா தினமும் இப்படி எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். எங்கே வலித்தது, எந்த வேலை செய்ய முடியவில்லை, எல்லாம் எழுத வேண்டுமாம். கோர்ட்டில் கேட்கும்போது மறந்துவிடக் கூடாதாம். எனக்கா மறக்கும்? நான் பெரிய மனுஷி ஆன அன்றைக்குப் பெரியப்பா மகள் சிவனம்மா தாம்பாளத்தில் கொண்டுவந்த தேங்காயின் அழுகல் வாடை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. ஆனாலும் மகன் தவமணி மருந்துக்கடையில் கொடுத்த டைரியைக் கொண்டுவந்து மடியில் போட்டுவிட்டான். அஞ்சாவது வரை படித்தவள் நான். எழுத்து கோணலாக வரும். விஷயம் கோணலாக வராது.

நடந்தது இதுதான். போன வாரம் ஏலக்காய் மூட்டை வைக்கும் கிட்டங்கியில் காய் பொறுக்கிவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். கடைவீதி முக்கில் செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பைக்கில் வந்த ஒருவன் என்மேல் ஏற்றிவிட்டான். வலது கணுக்கால் முறிந்துவிட்டது. முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. போலீசில் எழுதியாகிவிட்டது. பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, அந்தக் கம்பெனிக்காரர்கள்தான் நஷ்டஈடு கொடுக்க வேண்டும்.

தெருவே வந்து பார்த்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே பேச்சு. "சிவனம்மாளுக்கும் இப்படித்தான ஆச்சு. அவளைக் கேளு. அவளுக்கு எல்லாம் தெரியும்."

என் கால் உடைந்தாலும் அவள் பேச்சுதான்.

டிசம்பர் 11, புதன்

அவளைப் பற்றி ஒரு தடவை எழுதிவிட்டால் மனசு ஆறும்.

எங்கள் தாத்தா பேத்திகளுக்கு ஆளுக்கொரு ஆடு கொடுத்தார். அவளுக்குச் சினை ஆடு. எனக்குக் கிடா. என் கிடாயைத் திருவிழாவில் வெட்டி எல்லாரும் தின்றார்கள், அவளும் தின்றாள். அவள் ஆடு குட்டி போட்டு, குட்டி குட்டி போட்டு, பட்டியாகிவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்தது. கட்டிக்கொடுத்ததும் ஒரே தெருவில், எதிரெதிர் வீட்டில். நான் கதவைத் திறந்தால் அவள் வாசல்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வேன் இடித்து அவளுக்குக் கணுக்கால் போனது. இடது கால். கேஸ் போட்டாள். முப்பது சதவீதம் ஊனம் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வந்த பணத்தில் ஓட்டுக்கூரையைப் பிரித்துத் தளம் போட்டு, அதற்கு மேலே ஒரு மாடியும் கட்டினாள். கட்டி ஒன்பது வருஷம் ஆகிறது. நீலப் பெயிண்ட். தெருவில் படிக்கட்டு. தெருக்காரர்கள் அதற்குக் கால் மாடி என்று பேரே வைத்துவிட்டார்கள். இப்போது மாடியில் வாடகைக்கு ஒரு பேங்க்காரரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள்.

என் வீட்டுக்கு இன்னும் தகரம்தான்.

இன்னொன்று. அவள் இப்போதும் காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறாளே, அது நடிப்பு. கேஸுக்காக ஆரம்பித்தாள், விட மனசில்லை. நொண்டினால்தானே நாலு பேர் பாவம் என்பார்கள்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை. என் வாசலில் கவுசல்யா ரெண்டு அகல் வைத்தாள். மருமகள் பாவம், என்னையும் தூக்கி இறக்கி, விளக்கும் வைக்க வேண்டும்.

எதிரே நீல மாடிச் சுவர் முழுக்க விளக்கு வரிசை. பேங்க்காரர் மனைவி ஏற்றிக்கொண்டே போகிறாள். சிவனம்மா தெருவில் நின்றுகொண்டு, "அந்த மூலையில ஒண்ணு வைய்யி, இன்னும் தள்ளி" என்று கை காட்டுகிறாள். மகாராணி. சொந்த மாடிக்குப் போய் ஒரு விளக்கு வைக்க உடம்பு வளையவில்லை.

வலி: அதைப் பார்த்ததும் கூடுதல்.

டிசம்பர் 22, ஞாயிறு

வந்தாள். கையில் தூக்குச்சட்டி, நண்டு ரசம். நோய்க்காரிக்கு நல்லதாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடி ஒச்சம்மா, விரலை ஆட்டு பாப்போம்."

"எதுக்கு?"

"ஆட்டுடின்னா."

ஆட்டினேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, எந்த வக்கீல், எந்த போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரியில் காயச் சான்று வாங்கியாச்சா என்று துருவித் துருவிக் கேட்டாள். பிறகு வழக்கம்போல ஆரம்பித்துவிட்டாள்.

"மாடியில காத்து என்னமா வீசுது தெரியுமா. பேன் எதுக்கு? அங்கயிருந்து பாத்தா குரங்கணி மலை கைக்கெட்டுற மாதிரி இருக்கும்."

அவள் போன பிறகு ரசத்தைக் குடித்தேன். மிளகு கம்மி.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கோலம் போட முடியவில்லை. குமாஸ்தா, இதை எழுதிக்கொள்ளவும்.

ஜனவரி 20, திங்கள்

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது என் கால் இல்லை, உரித்த கோழிக்கால். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பயிற்சி கொடுக்கும் பெண் சின்ன வயசு, சிரித்த முகம். "பாட்டிம்மா, எலும்பு கூடிருச்சு. இனிமே காலு உங்க கையிலதான் இருக்கு. தினமும் கட்டைவிரலால காத்துல எழுதணும். அ, ஆ, இ, ஈ. ஃ வரைக்கும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. விட்டீங்கன்னா பாதம் மடங்காமப் போயிரும்."

அ எழுதுவதற்குள் உயிர் போய்விட்டது. அந்தச் சுழியை எவன் கண்டுபிடித்தான்?

ஜனவரி 22, புதன்

குமாஸ்தா வீட்டுக்கே வந்தார். தவமணி கலர் சோடா வாங்கிக் கொடுத்தான். எல்லாப் பேப்பரும் சரி, இனிமேல் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் குழு கூடி என் காலைப் பார்த்து எத்தனை சதவீதம் ஊனம் என்று எழுத வேண்டும், அதை வைத்துத்தான் நஷ்டஈடு என்றார்.

"எதிர் வீட்டுக்காரிக்கு முப்பது போட்டாங்க" என்றேன்.

"உங்களுக்கு நாப்பதே வாங்கலாம்மா. ஆனா ஒண்ணு." குரலைத் தாழ்த்தினார். "டாக்டருங்க பாக்குற வரைக்கும் காலை ரொம்ப ஆட்ட வேணாம். பாதம் மடங்குனா சதவீதம் எறங்கிரும். வெறைப்பா இருந்தா ஏறும். நான் எதுவும் சொல்லல."

நாற்பது. தவமணி என் முகத்தைப் பார்த்தான், நான் அவன் முகத்தைப் பார்த்தேன். தகரத்தைப் பிரித்துத் தளம், அதற்கு மேலே மாடி. அவளுடையதைவிட ஒரு முழமாவது உயரம். பெயிண்ட் ரோஸ். படிக்கட்டை நேராக அவள் வாசலைப் பார்த்து வைக்க வேண்டும்.

இன்றைக்கு எழுதவில்லை, காலால்.

பிப்ரவரி 5, புதன்

சிவனம்மா தினமும் வருகிறாள். வெந்நீரில் கல் உப்புப் போட்டுக் கொண்டுவந்து என் காலை அதில் அமுக்குகிறாள். வேண்டாம் என்றால் கேட்கிறாளா?

"ஆட்டுனியா?"

"ஆட்டுனேன், ஆட்டுனேன்."

"பொய் சொல்லாத. பாதம் கட்டையா கெடக்கு. இங்க பாரு, என் முன்னாடி மடக்கு."

"வலிக்குதுக்கா."

"வலிக்கத்தான் செய்யும். மடக்குடி, கூறுகெட்டவளே!"

பாதத்தைப் பிடித்து அழுத்தினாள் பாருங்கள், வீடே அதிரக் கத்திவிட்டேன். கவுசல்யா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

எனக்குத் தெரியாதா இவளை? குமாஸ்தா வந்துபோனது தெருவுக்கே தெரியும். எனக்கு நாற்பது கிடைத்துவிடும், தன் முப்பது கீழே போய்விடும் என்று வயிறு எரிகிறது. என் சதவீதத்தைக் குறைக்க உப்புத் தண்ணீரோடு வருகிறாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தவமணி கொத்தனாரைக் கூட்டிவந்து அளந்தான். கயிறு பிடித்தார்கள். நான் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். எதிரே அவளும் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

கிட்டங்கிக்குப் போய்ப் பார்த்தேன். தவமணி தன் ஆட்டோவில் இறக்கிவிட்டான். என்னோடு காய் பொறுக்குகிறவர்கள் எல்லாம் எழுந்துவந்து கட்டிப்பிடித்தார்கள். முறம் கொடுத்தார்கள். சம்மணம் போட்டு உட்காரப் பார்த்தேன். வலது பாதம் உள்ளே போகமாட்டேன் என்கிறது. காலை நீட்டிக்கொண்டால் முறம் மடியில் நிற்கவில்லை. பச்சைக்காய் ஒரு பக்கம், வெளுத்த காய் ஒரு பக்கம் என்று கண் மூடிக்கொண்டு பிரிப்பேன், இன்றைக்கு எல்லாம் தரையில் கொட்டியது.

மேஸ்திரி நல்ல மனுஷன். "கேஸ் முடியட்டும் பெரியம்மா, அப்புறம் பாப்போம்" என்றார். அப்புறம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வெற்றிலை வாங்கக்கூட இனிமேல் கவுசல்யாவிடம் கை நீட்ட வேண்டும்.

டாக்டர்கள் பார்த்த பிறகு காலை ஆட்டிச் சரிபண்ணிக்கொள்ளலாம். அவ்வளவுதானே.

மார்ச் 9, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. எதிர் வீட்டுக்காரி வடகம் பிழிய ஆரம்பித்துவிட்டாள். மொட்டை மாடி வைத்திருக்கிறவள் எங்கே காயப்போட வேண்டும்? தெருவில் கட்டிலைப் போட்டு, சேலையை விரித்து, என் வாசலை மறித்துக் காயப்போடுகிறாள். ஒவ்வொரு வருஷமும் இதே கூத்து. அவள் வீட்டில் எவ்வளவு வடகம் என்று நான் பார்க்க வேண்டுமாம்.

மார்ச் 16, ஞாயிறு

இதை எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

மத்தியானம். தெருவில் ஒரு காக்கா குருவி இல்லை. ஜன்னலோரம் காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தேன். பேங்க்காரர் குடும்பம் கல்யாணத்துக்குப் போயிருக்கிறது. காலையில் தண்ணீர் வராதபோது குழாயைத் திறந்துபோட்டபடியே போய்விட்டார்கள் போல. தண்ணீர் வந்ததும் மேலே நிரம்பி, படிக்கட்டு வழியாகக் கொட்ட ஆரம்பித்துவிட்டது.

சிவனம்மா வெளியே வந்தாள். மேலே பார்த்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நல்ல காலை முதல் படியில் வைத்தாள். இடது காலைத் தூக்கினாள். பாதம் மடங்கவில்லை. கட்டையைக் கொண்டுபோய் இடித்த மாதிரி நுனி மட்டும் படியில் மோதி நின்றது. இன்னொரு தடவை தூக்கினாள். அப்படியேதான்.

பிறகு திரும்பிப் படியில் உட்கார்ந்தாள். கையைப் பின்னால் ஊன்றி, உட்கார்ந்தபடியே ஒரு படி மேலே போனாள். தவழும் பிள்ளை ஏறுகிற மாதிரி. இன்னொரு படி. தண்ணீர் அவள் முதுகில் கொட்டி மடி வழியாக ஓடியது. இன்னொரு படிக்குக் கையை ஊன்றினாள், வழுக்கிவிட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஆளில்லாத தெருவில் யாருக்காக நடிப்பாள்?

நான் கூப்பிடவில்லை. கவுசல்யாவை எழுப்பினேன். "எதுத்த வீட்டு மாடியில தண்ணி வீணாப் போகுது. போயி அடைச்சுட்டு, அந்தப் பெரியம்மாவையும் தூக்கி விட்டுட்டு வா. நான் பாத்தேன்னு சொல்லாத."

"ஏன் அத்தை?"

"சொல்லாதன்னா சொல்லாத."

மார்ச் 17, திங்கள்

மாடிக்குப் பால் காய்ச்சிய அன்றைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் மேலே போனார்கள். அவள் கீழே நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை கொடுத்தாள். என்ன திமிர் என்று நினைத்தேன். நான் மேலே போகவில்லை, வீம்பு. கார்த்திகைக்கு எல்லா வருஷமும் தெருவில் நின்றுதான் கை காட்டுகிறாள். வடகம் தெருவில்.

ஒன்பது வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது அவள் தலை அந்த நீலச் சுவருக்கு மேலே தெரிந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். என் ஞாபகத்தில் இல்லை. இந்தத் தெருவில் என் ஞாபகத்தில் இல்லாதது எதுவும் நடந்ததில்லை.

மார்ச் 18, செவ்வாய்

வலி: ரொம்ப.

பொழுது போகவில்லை. காலால் அ எழுதினேன். ஆ எழுதினேன். இ எழுதும்போது கட்டில் கம்பியைக் கடித்துக்கொண்டேன்.

மார்ச் 21, வெள்ளி

ஐ வரைக்கும்.

மார்ச் 29, சனி

வெந்நீரோடு வந்தாள். காலைப் பிடித்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஆட்டுறியாடி?"

"யாரு ஆட்டுனா?"

"வீக்கம் வத்தியிருக்கே."

"வெயிலுக்கு வத்தியிருக்கும்."

சிரித்தாள். அவளுக்கு முன்பல் ஒன்று இல்லை. சின்ன வயசில் கிணற்று மேட்டில் என்னோடு மல்லுக்கட்டும்போது போனது. அது அவள் தப்பு.

"ஒனக்கு ஒடஞ்சப்ப யாருக்கா ஆட்ட வேணாம்னு சொன்னது?" என்று கேட்டேன்.

தண்ணீரைக் கையால் அள்ளி என் பாதத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். "சொல்றதுக்கு ஆளா இல்ல ஊருல" என்றாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நான் காலை ஆட்டுவது தவமணிக்குத் தெரிந்துவிட்டது. கவுசல்யா சொல்லியிருப்பாள்.

"என்னம்மா இது? இன்னும் கொஞ்ச நாளு பொறுத்தா என்ன? கொத்தனாருகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

"கொத்தனாரு வந்து என் கால மடக்கி விடுவானா?"

"வீடு கட்டணும்னு நீதான ஆசப்பட்ட."

"கட்டி? மேல நீ இருப்ப, நான் கீழ உக்காந்து அண்ணாந்து பாக்கணுமா?"

அவனுக்குப் புரியவில்லை. கோபித்துக்கொண்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மகன் கேட்டது நியாயம்தான். மழைக்குத் தகரத்தடியில் பாத்திரம் வைப்பது அவன் பெண்டாட்டிதான். அன்றைக்குக் கயிறு பிடித்த இடத்தில் இன்னும் சுண்ணாம்புக் கோடு அழியாமல் இருக்கிறது. காலால் ஃ வரைக்கும் எழுதி முடித்தேன். மூன்று புள்ளிதான், ஆனால் புள்ளி வைப்பதுதான் கஷ்டம்.

ஏப்ரல் 23, புதன்

பெரிய ஆஸ்பத்திரி. குமாஸ்தா வாசலிலேயே நின்றிருந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கி நான் நடந்து வந்ததைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிவிட்டது.

"என்னம்மா, கல்யாணத்துக்கு வர்ற மாதிரி வர்றீங்க! உள்ள போகும்போதாவது கொஞ்சம்…"

"கொஞ்சம் என்ன?"

"ஒண்ணுமில்ல."

பெரிய டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன். பாதத்தை மடக்கச் சொன்னார். மடக்கினேன். வலிக்கிறதா என்றார். மாடி ஏறினால் வலிக்கிறதா என்றும் கேட்டார்.

"எங்க வீட்டுல மாடி இல்ல சார்" என்றேன்.

பக்கத்திலிருந்த டாக்டரம்மா சிரித்தாள். பேனாவை எடுத்து எழுதினார்கள்.

ஒன்பது.

ஏப்ரல் 24, வியாழன்

விடிந்ததும் வந்துவிட்டாள்.

"எவ்வளவுடி போட்டாக?"

"ஒம்பது."

"ஒம்பதா!" முழங்காலில் தட்டித் தட்டிச் சிரித்தாள். "எனக்கு முப்பது. எனக்கு மூணுல ஒரு பங்குகூட வாங்கத் தெரியல ஒனக்கு. நீயெல்லாம் என் தங்கச்சின்னு வெளிய சொல்லாத."

"போக்கா. ஒன்ன எவன் கேட்டான்?"

சிரித்து முடித்ததும் என் பாதத்தைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள். நீட்டிப் பார்த்தாள். மறுபடி மடக்கினாள். பிறகு முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள், அழுக்கே இல்லாத காலை.

வரப்போகிற பணத்தில் தகரத்தை மாற்றலாம், தளம் போட முடியாது என்று தவமணி கணக்குச் சொன்னான். மாற்றட்டும். அடுத்த வாரத்திலிருந்து கிட்டங்கிக்கு வரச் சொல்லிவிட்டார் மேஸ்திரி.

மே 4, ஞாயிறு

அவள் வடகத்துக்கு மாவு கிளறிக்கொண்டிருந்தாள். நான் தெருவைத் தாண்டிப் போனேன்.

"எங்கடி வர்ற?"

"ஒன் மாடியில காத்து வருது காத்து வருதுன்னு ஒம்பது வருஷமா சொல்றியே. உண்மையா பொய்யான்னு பாக்கப் போறேன்."

அகப்பையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

ஏறினேன். பேங்க்காரர் மனைவி கையைப் பிடிக்க வந்தாள், வேண்டாம் என்றேன். ஒவ்வொரு படியிலும் கால் பேசியது, ஆனாலும் பதிந்தது. மேலே போய் நீலச் சுவரில் கையை வைத்து நின்றேன்.

காற்று உண்மை. சேலை பறக்கிறது. மலையும் உண்மை. குரங்கணிப் பக்கம் அடுக்கடுக்காகப் பச்சை, கடைசியில் நீலம், அதற்குமேல் மேகம் உட்கார்ந்திருக்கிறது. மலை மெட்டுக்கு ஏறுகிற ரோடு வெள்ளை நூல் மாதிரி தெரிகிறது. கிட்டங்கிக் கூரை, கோயில் கோபுரம், என் வீட்டுத் தகரம். தகரத்தின்மேல் யாருடையதோ ஒற்றைச் செருப்பு கிடக்கிறது. இதெல்லாம் என் வீட்டுக்கு எதிரிலேயே இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது. எரிச்சலாகத்தான் இருந்தது.

"என்னடி தெரியுது?" கீழேயிருந்து கேட்டாள்.

ஒன்றுமில்லை, வெறும் வெயில் என்று சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"மலை தெரியுதா? மேகம் எறங்கி நிக்கும்னு சொல்வாகளே."

சொன்னேன். மேகம் எந்தப் பக்கம், ரோடு எப்படி வளைகிறது, ஒரு பஸ் போகிறது, இதோ திரும்பிவிட்டது, மறைந்துவிட்டது, எல்லாம் கத்திச் சொன்னேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் தலையை அண்ணாந்து, கண்ணுக்குக் கையை மறைத்துக்கொண்டு கேட்டாள். மாவு அடிப்பிடித்து வாசம் மேலே வரைக்கும் வந்தது.

"போதும், எறங்குடி" என்றாள் கடைசியில். "என் மாடியில நின்னுக்கிட்டு எனக்கே கதை சொல்றா."

அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். அது என்னுடைய பார்வை. ஒன்பது வருஷமாக நான் என் வாசலில் உட்கார்ந்து மேலே பார்த்த அதே பார்வை. இப்படி ஒரு நாள் வர வேண்டும் என்று எத்தனை சாமிக்கு நேர்ந்திருப்பேன். வந்தபோது நின்று ரசிக்க முடியவில்லை, கால் வலித்தது.

நாளையிலிருந்து அவள் வடகத்தை நான்தான் மேலே கொண்டுபோய்க் காயப்போட வேண்டும். தெருவில் போட்டால் என் வாசலை மறைக்கிறது.